‘‘இதுல யாரு கை வெச்சது?’’ - சொந்தமாக வீட்டு வேலை... சிரிக்க வைக்கும் சொதப்பல்கள், சிக்காமல் தப்பிக்கும் வழிகள்!

வீட்டு ரிப்பேர் வேலை என்றதும் தமிழர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கான்ட்ராக்டர் நேசமணிதான். 2001-ல் வெளியான ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வேலைக்குப் போன இடத்தில் வடிவேலுவின் தலையில் விழுந்தது ஒரு சுத்தியல். அந்தச் சத்தம் 18 ஆண்டுகள் கழித்தும் ஓயவில்லை. 2019 மே மாதம், ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, ‘உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?’ என்று கேட்டார்கள். நம்ம ஊர்க்காரர் ஒருவர் பெயரோடு சேர்த்து நேசமணியின் சோகக் கதையையும் எழுதிவைக்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் உலக அளவில் ட்ரெண்டானது.

அந்தக் காமெடி இத்தனை வருஷமாக அலுக்காமல் இருப்பதற்குக் காரணம் எளிது. எல்லார் வீட்டிலும் ஒரு நேசமணி இருக்கிறார். ‘‘பிளம்பர் வந்து எட்டிப் பார்க்கிறதுக்கே காசு கேட்பான். பத்து நிமிஷ வேலை, நானே பார்த்துக்கிறேன்’’ என்று லுங்கியை மடித்துக் கட்டுகிற அப்பா. யூடியூபில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு ஆன்லைனில் டிரில்லிங் மெஷின் ஆர்டர் போடுகிற மாப்பிள்ளை. மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து கிச்சன் ஷெல்ஃபுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற அம்மா.

பத்து நிமிஷ வேலை மூன்று நாளாகும். நான்காம் நாள் பிளம்பர் வருவார். சுவரை ஒரு பார்வை, குழாயை ஒரு பார்வை. பிறகு அந்தக் கேள்வி: ‘‘இதுல யாரு கை வெச்சது?’’ வீடே கப்சிப். எல்லார் கண்ணும் ஒருவரையே பார்க்கும். அவர் மட்டும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சொந்தமாக வீட்டு வேலை பார்ப்பது நல்ல விஷயம்தான். காசு மிச்சம், கையில் தொழில், மனதில் திருப்தி. ஆனால், திரும்பத் திரும்ப எல்லார் வீட்டிலும் நடக்கிற சில சொதப்பல்கள் இருக்கின்றன. அவை என்னென்ன, ஏன் நடக்கின்றன, எது சிரித்துவிட்டுப் போகலாம், எதில் சிரிக்கவே கூடாது? பார்க்கலாம்.

ஆணி அடிக்கப் போய், அருவி வந்த கதை!

ஒரு போட்டோ மாட்ட ஒரு ஓட்டை. இதுதான் எல்லா வீட்டிலும் முதல் பாடம். மெஷினை வைத்து அழுத்தினால், ஓட்டையிலிருந்து செங்கல் தூளுக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். சுவருக்குள் போகிற கன்சீல்டு பைப்பில் டிரில் இறங்கியிருக்கும். கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒருவர் சிலையாக நிற்க, ‘‘கேட் வால்வு எங்க இருக்கு?’’ என்று வீடே ஓடும். குடிவந்து எட்டு வருஷமாகியும், தண்ணீரை நிறுத்துகிற வால்வு மொட்டைமாடியில் இருக்கிறதா, பாத்ரூம் பரணில் இருக்கிறதா என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.

பைப்பும் வொயரும் சுவருக்குள் இஷ்டத்துக்கு வளைந்து போவதில்லை. பெரும்பாலும் குழாயிலிருந்தும், ஸ்விட்ச் போர்டிலிருந்தும் நேர் மேலே, நேர் கீழே அல்லது நேர் பக்கவாட்டில்தான் போகும். அதனால் இவற்றுக்கு நேர்கோட்டில் டிரில் போடாமல் விலகிப் போடுவது நல்லது. வீடு கட்டும்போதோ, பாத்ரூமைப் புதுப்பிக்கும்போதோ, பூச்சு வேலைக்கு முன்பு ஒவ்வொரு சுவரையும் இன்ச் டேப்போடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால், பத்து வருஷம் கழித்தும் அது கைகொடுக்கும். போன் மாறும்போது அந்தப் படங்களும் மாறி வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேரெதிரான காமெடி, ஜன்னலுக்கு மேலே ஸ்க்ரீன் கம்பி மாட்டும்போது நடக்கும். எவ்வளவு அழுத்தினாலும் டிரில் உள்ளே இறங்காது. ‘‘மட்டமான மெஷினை வாங்கிட்டீங்க’’ என்று பழி மெஷின் மேல் விழும். உண்மையில் ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லின்டல். கான்கிரீட்டுக்கான பிட்டும், மெஷினில் ஹேமர் மோடும் இல்லாமல் அதில் ஓட்டை விழாது. இது தெரியாமல் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என முயன்று, கடைசியில் ஒரு கம்பிக்கு ஏழு ஓட்டைகள் மிஞ்சும். பெரிதாகிப்போன ஓட்டையில் ராவல் பிளக் நிற்காமல் ஆட, தீக்குச்சியை உடைத்துச் சொருகுவார்கள். ஸ்க்ரீனைத் துவைத்து ஈரத்தோடு மாட்டுகிற அன்றைக்கு மொத்தமும் தலையில் இறங்கும். ராவல் பிளக் எந்த அளவோ அதே அளவு பிட் என்பதுதான் சரி. 6 மி.மீ பிளக்குக்கு 6 மி.மீ பிட்.

இந்த வியாதி இன்றைக்கு வந்ததும் இல்லை, நமக்கு மட்டும் உரியதும் இல்லை. ஜெரோம் கே. ஜெரோம் எழுதி 1889-ல் வெளியான ‘த்ரீ மென் இன் எ போட்’ என்ற ஆங்கில நாவலில் பாட்ஜர் மாமா என்றொருவர் வருவார். ஒரே ஒரு படம் மாட்ட வீட்டில் உள்ள அத்தனை பேரையும் வேலை வாங்குவார். சுத்தியலைத் தொலைப்பார், விரலை நசுக்கிக்கொள்வார். நடு இரவில் படம் கோணலாக ஏறும். அவருக்கோ முகமெல்லாம் பெருமை. அவர் மனைவியின் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த முறை ஆணி அடிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாராம். 130 வருஷங்களுக்கு மேலாகியும் இந்த வசனத்துக்கு எந்த வீட்டிலும் மொழிபெயர்ப்பே தேவைப்படாது!

பீரோ வந்தது... வாசல் விடவில்லை!

அடுத்தது அளவு. அறைக்குள் பீரோ எங்கே நிற்கும், நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று எல்லாம் அளந்து வாங்குவார்கள். அது அறைக்குள் எப்படி வரும் என்பதை மட்டும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். மாடிப்படித் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொள்ளும். மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர். மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. ‘‘லேசா சாய்ங்க’’ என்று யோசனை சொல்ல மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து ஆறு பேர் வருவார்கள்.

உள்ளே வந்துவிட்டாலும் பிரச்னை முடியாது. கட்டிலைப் போட்டால் பீரோ கதவு பாதிதான் திறக்கும். ஃப்ரிட்ஜ் கதவு சுவரில் இடிக்கும். டிவி யூனிட் அழகாக வந்திருக்கும், பிளக் பாயின்ட் அதன் முதுகுக்குப் பின்னால் நிரந்தரமாக மறைந்திருக்கும். பொருளின் அளவோடு கதவு திறக்கத் தேவையான இடத்தையும், அது வருகிற வழியையும் சேர்த்து அளப்பதுதான் உண்மையான அளவு. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அல்லது பழைய நியூஸ்பேப்பரை அதே அளவில் விரித்து, அதைச் சுற்றி ஒரு நாள் நடந்து பார்த்தால் பாதிப் பிரச்னை கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

கொசுவலை கதையும் இதே ரகம். ஜன்னலைச் சரியாக அளந்து, அதே அளவுக்கு வலையை வெட்டி விடுவார்கள். வெல்க்ரோ ஒட்டுவதற்கு நாலு பக்கமும் ஓரம் விட வேண்டும் என்பது வெட்டிய பிறகுதான் உறைக்கும். இன்னொரு பக்கம், ஆசாரி இன்ச்சில் கேட்பார், பிள்ளைகள் சென்டிமீட்டரில் படித்துச் சொல்வார்கள். ஒரு இன்ச் என்பது 2.54 செ.மீ. எந்தப் பக்கத்து எண்ணைப் படிக்கிறோம் என்று சொல்லாமல் விட்டால், புத்தக அலமாரிக்குப் பதில் ஸ்பைஸ் பாக்ஸ்தான் வந்து சேரும்.

இப்படி அளவில் கோட்டை விட்டவர்கள் மனம் நொந்துபோக வேண்டாம். பிரான்ஸ் நாட்டு ரயில்வேக்கே இது நடந்திருக்கிறது. புதிதாக ஆர்டர் செய்த ரயில்கள் பல பழைய ஸ்டேஷன்களின் நடைமேடைகளுக்குள் நுழைய முடியாத அகலத்தில் இருந்தது 2014-ல் வெளியே தெரிந்தது. பழைய நடைமேடைகளின் அளவைச் சரிபார்க்காததுதான் காரணம். சுமார் 1,300 நடைமேடைகளின் ஓரத்தைச் செதுக்கும் வேலை தலையில் விழுந்தது. செலவு 5 கோடி யூரோ. அதோடு ஒப்பிட்டால் படிக்கட்டில் சிக்கிய பீரோ எல்லாம் ஒரு விஷயமே இல்லை.

கார்டில் சந்தனம், சுவரில் மஞ்சள் காமாலை!

பெயின்ட் கடையில் ஷேடு கார்டைப் பார்த்து ஆளுக்கொரு கலர் சொல்லி, இரண்டு நாள் விவாதித்து, ஒருவழியாக ‘இளம் சந்தன’ நிறத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அடித்து முடித்தால் ஹால் முழுக்க மாம்பழக் கடை மாதிரி ஜொலிக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பதில் நியாயமில்லை. தீப்பெட்டி அளவு காகிதத்தில் மென்மையாகத் தெரிகிற நிறம், நான்கு சுவரிலும் ஏறி ஒன்றின் மேல் ஒன்று பிரதிபலிக்கும்போது அழுத்தமாகத்தான் தெரியும். சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலை வெயிலிலும், மாலையிலும், ராத்திரி லைட் வெளிச்சத்திலும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

சுவரில் ஓதம் ஏறி உப்பு பூத்திருக்கும். விசேஷத்துக்கு இன்னும் நாலு நாள்தான். ‘‘மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா தெரியாது’’ என்று முடிவெடுப்பார்கள். விசேஷத்தன்று தெரியாதுதான். அடுத்த மழைக்குள் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி, தொட்டால் உதிரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அதை நிறுத்தி, சுவர் காய்ந்த பிறகுதான் பெயின்ட். இதில் குறுக்குவழியே இல்லை.

கோடைக்காலத்தின் தனி ஸ்பெஷல், மொட்டைமாடி கூலிங் பெயின்ட். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று உற்சாகமாகப் படிக்கட்டு வாசலில் இருந்து ஆரம்பிப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும், கடைசி மூலையில் தண்ணி டேங்க் பக்கத்தில் தான் நிற்பதும், வாசல் வரை ஈரப் பெயின்ட் பளபளப்பதும். காயும் வரை வெயிலில் நிற்பதா, போட்ட வேலையில் கால் தடம் பதிப்பதா? பல வீட்டு மாடிகளில் வெள்ளைத் தரையின் நடுவே படிக்கட்டை நோக்கிப் போகும் அந்தப் பாதச்சுவடுகள், என்ன முடிவெடுத்தார்கள் என்பதற்குச் சாட்சி. தூர மூலையில் ஆரம்பித்து வாசலில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

குறுக்குவழி பெயின்டிங்குக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் மிஸ்டர் பீன். 1994-ல் ஒளிபரப்பான எபிசோடில், அறையில் உள்ள பொருட்களையெல்லாம் பேப்பரில் சுற்றிவிட்டு, பெயின்ட் டப்பாவுக்குள் வெடியை வைத்து ஒரே நொடியில் சுவரெல்லாம் கலராக்கப் பார்ப்பார். இது நிஜத்தில் நடக்குமா என்று ‘மித்பஸ்டர்ஸ்’ டிவி நிகழ்ச்சிக்காரர்கள் செய்தே பார்த்தார்கள். சுவர் சீராக நிறம் பிடிக்கவில்லை. பட்டி, பிரைமர், இரண்டு கோட்டிங் என்ற பாதைக்கு மாற்று இன்னும் வரவில்லை.

தண்ணீருக்கு வழி தெரியும்... நமக்குத்தான் தெரியாது!

புது டைல்ஸ் போட்ட பாத்ரூம் பளபளவென்று இருக்கும். முதல் குளியலிலேயே தண்ணீர் ஓட்டையை நோக்கிப் போகாமல், கதவை நோக்கிப் புறப்படும். சிலசமயம் பெட்ரூமையும் எட்டிப் பார்க்கும். வாட்டம் சரியில்லை என்பதுதான் இதன் பொருள். ஒரு அடிக்குக் கால் இன்ச் அளவுக்குச் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக வழிந்துவிடும். டைல்ஸின் சிமென்ட் இறுகிய பிறகு இதைச் சரிசெய்ய முழுவதையும் பெயர்க்க வேண்டும். சரிசெய்யாத வீடுகளில், குளித்து முடித்தவர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு வருவது குடும்ப வழக்கமாகவே ஆகிவிடும்.

அபார்ட்மென்ட்டில் இந்தக் காமெடிக்கு இன்னொரு கதாபாத்திரமும் உண்டு, கீழ்வீட்டுக்காரர். பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதியது போடுகிற அவசரத்தில் வாட்டர் ப்ரூஃபிங்கைக் கவனிக்காமல் விட்டால், சில வாரங்களில் காலிங் பெல் அடிக்கும். அவர் வீட்டு சீலிங்கில் வரைபடம் மாதிரி ஈரம். வாட்டர் ப்ரூஃபிங் செய்த பிறகு, டைல்ஸ் போடும் முன்பு, வடிகால் ஓட்டையை அடைத்துத் தண்ணீரை நிறுத்தி 24 மணி நேரமாவது வைத்துப் பார்க்க வேண்டும். கீழே கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த வேலை. டைல்ஸ் வாங்கும்போதும் உடைசலுக்கு 10 சதவிகிதம் வரை கூடுதலாக, ஒரே பேட்ச்சில் வாங்கிவிடுவது நல்லது. குறைகிற நாலு டைல்ஸை அடுத்த மாதம் வாங்கினால், அதே பெயர், அதே நம்பர், ஆனால் நிறம் மட்டும் ஒட்டாது.

நடக்கத் தொடங்கிய வாஷிங் மெஷின்

மாட்டியாகிவிட்டது. வேலையும் செய்கிறது. ஆனால், ஏதோ ஒன்று சரியில்லை. இந்த வகைச் சொதப்பல்கள்தான் வீட்டில் பல நாள் மர்மமாக நீடிப்பவை.

சீலிங் ஃபேன் சுற்றும், காற்று மட்டும் வராது. ‘‘வோல்டேஜ் கம்மி’’ என்பார்கள். கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போது கண்டென்சர் வொயரை மாற்றிக் கொடுத்ததால், ஃபேன் எதிர்த்திசையில் சுற்றிக் காற்றை சீலிங்கை நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கும். பல்லி மட்டும் சுகமாக இருக்கும்.

மிக்ஸர் குழாயில் வெந்நீர் இடதுபக்கம், பச்சைத்தண்ணீர் வலதுபக்கம் என்பது வழக்கம். லைன் மாறிவிட்டால், விருந்தாளி முதல் நாளே பாத்ரூமிலிருந்து அலறுவார். ஃப்ளஷ் டேங்கை கீஸர் லைனில் இணைத்துவிட்டால் இன்னும் விசேஷம். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் ஃப்ளஷ் ஆகும். கரன்ட் பில் வந்த பிறகுதான் ஆராய்ச்சி தொடங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின். வண்டியில் வரும்போது உள்ளே இருக்கும் டிரம் ஆடாமலிருக்க, பின்பக்கம் போல்ட்டுகள் போட்டு இறுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஆன் செய்தால், ஸ்பின் ஆகும்போது மெஷின் குலுங்கிக் குலுங்கி அறைக்குள் நடக்க ஆரம்பிக்கும். பேய் பிடித்ததாக நினைத்து வீட்டார் ஓட வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருந்த புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே இது இருக்கும். அதைப் படிக்காமல் அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டதுதான் தவறு.

சிரிக்கக் கூடாத இடங்கள்

இதுவரை சொன்னவற்றில் போவது காசும் கொஞ்சம் மானமும்தான். உயிரோடு விளையாடும் தவறுகளும் உண்டு. அவற்றில் ‘முயன்று பார்ப்போம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

கரன்ட்: நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஸ்விட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. ஸ்விட்ச் தவறுதலாக நியூட்ரல் லைனில் இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் கரன்ட் இருக்கும். மெயினை அணைத்தாலும், இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதன் லைன்களில் கரன்ட் இருந்துகொண்டே இருக்கும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் அணைக்க வேண்டும், பிறகும் சோதித்துப் பார்க்க வேண்டும். எம்.சி.பி இருக்கிறதே என்ற தைரியமும் போதாது. அது வொயரிங்கைக் காப்பாற்றுவதற்கானது. மனிதரைக் காப்பதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி தேவை. உங்கள் வீட்டு போர்டில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பதும் அவசியம்.

தூண், பீம்: சிம்னி பைப்புக்கு, ஏ.சி பைப்புக்கு என்று பீமில் ஓட்டை போடுவது, ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை இடிப்பது போன்றவற்றைப் பொறியாளரைக் கேட்காமல் செய்யவே கூடாது. அந்தச் சுவர் மேல்மாடியைத் தாங்குகிறதா என்பது பார்வைக்குத் தெரியாது. அபார்ட்மென்ட்டில் அது உங்கள் வீட்டு விஷயம் மட்டுமும் அல்ல.

ஆசிட்: டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவார்கள். போகவில்லை என்றதும் பிளீச்சிங் பவுடரையும் அதன் மேலே கொட்டுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். ஜன்னல் சாத்திய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. கண் எரிந்து, இருமல் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

உயரம்: டேபிள் மேல் பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் ஒருவர், கீழே பிடித்துக்கொள்ள யாருமில்லை. எல்லா வீட்டிலும் பார்க்கும் காட்சிதான். ஆனால் தவறினால் இடுப்பும் மணிக்கட்டும்தான் முதலில் பதில் சொல்லும். நல்ல ஏணி ஒன்றை வாங்குங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இரவல் கேளுங்கள். வெளியில் அலுமினிய ஏணியைத் தூக்கும்போது மேலே கரன்ட் கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்.

கூச்சம்தான் காஸ்ட்லி!

சொதப்பிய பிறகு பெரும்பாலானவர்கள் செய்வது மறைப்பதுதான். தப்பான ஓட்டையின் மேலே காலண்டர் தொங்கும். உடைந்த டைல்ஸின் மேலே மிதியடி கிடக்கும். ஒழுகும் பைப்பைச் சுற்றி எம்-சீல் ஒரு உருண்டை. அதுவும் ஒழுகினால் அடியில் ஒரு பக்கெட். சில வீடுகளில் டிசம்பர் முடிந்தும் பழைய காலண்டரைக் கழற்றாததற்குக் காரணம், புதுக் காலண்டர் அந்த ஓட்டையை மறைக்கிற அளவுக்குப் பெரிதாக இல்லாததுதான்!

இதில் சின்னக் குறைகள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீரும் கரன்ட்டும் சம்பந்தப்பட்டதை மட்டும் மறைக்கக் கூடாது. வேலைக்கு வந்தவரிடம் ‘‘தெரியலைங்க, தானா இப்படி ஆகிடுச்சு’’ என்று சமாளித்தால், அவர் தவறான இடத்தில் தேடுவார். ஒரு மணி நேர வேலை ஒரு நாள் ஆகும். அந்தக் கூலியும் நம்முடையது. டிரில் எங்கே போட்டோம், எந்த வொயரைக் கழற்றினோம், எதை ஊற்றினோம் என்று உள்ளபடி சொல்லிவிட்டால் செலவும் குறையும், அவருக்கும் ஆபத்தில்லை. பிரித்துவைத்த வொயரில் கரன்ட் இருப்பது தெரியாமல் கை வைக்கப்போவது அவர்தானே!

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு தவறை வைத்துப் பத்து வருஷம் கிண்டல் செய்தால், அடுத்த முறை அவர் தவறையும் சொல்ல மாட்டார், கையில் ஷாக் அடித்ததையும் சொல்ல மாட்டார். பிள்ளைகளும் அதையே கற்றுக்கொள்வார்கள். ஒரு நாள் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ஆரம்பிக்கும் முன்பு ஐந்து கேள்விகள்

1. தண்ணீர் வால்வும் மெயின் ஸ்விட்சும் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?

2. இரண்டு முறை அளந்தாயிற்றா? இன்ச்சா, சென்டிமீட்டரா என்று எழுதி வைத்தாயிற்றா?

3. கழற்றும் முன்பு போட்டோ எடுத்தாயிற்றா? எந்த வொயர் எங்கே இருந்தது என்பது நினைவில் நிற்காது, படத்தில் நிற்கும்.

4. இது தவறினால் போவது காசா, உயிரா? இரண்டாவது என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

5. மணி என்ன? ஞாயிறு சாயங்காலம் குழாயைக் கழற்றாதீர்கள். ஹார்டுவேர் கடை மூடியிருக்கும், பிளம்பர் போன் எடுக்க மாட்டார், திங்கள் காலை ஸ்கூலும் ஆபீஸும் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால், சொதப்பினாலும் சரிசெய்ய ஒன்றரை நாள் கையில் இருக்கும்!